ஓட்டிசத்துக்கு இரத்தப் பரிசோதனையா? அந்த எண் யார் கைக்குப் போகும்?

(எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை அங்கங்கே அப்படியே விட்டிருக்கிறேன்.)



இன்றைக்கு நான் ஒரு புரதத்தைப் பற்றிக் கதைக்கப்போறன். இடதுசாரிகளின்ர கூட்டத்தில புரதத்துக்கு என்ன வேலை எண்டு நீங்கள் யோசிக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கோ. ஒரு பிள்ளையின் கையில் ஏறும் ஊசியில் தொடங்கி, பாடசாலை, விசா விண்ணப்பம் வரைக்கும் போகக்கூடிய கதை இது.

நான் லண்டனில் பிறந்து வளர்ந்த ஆள். நரம்பியலில் பட்டப்பின்படிப்புப் படிக்கிறன். கொஞ்சக் காலமாக எங்கட குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரியான செய்திகள் சுத்துது: ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின்ர இரத்தத்தில மூளைக்கலச் சேதத்தின் அடையாளம் கண்டுபிடிச்சிட்டினமாம், இனி ஒரு சொட்டு இரத்தத்தில எல்லாம் தெரிஞ்சிடுமாம். அதைப் பார்த்திட்டு ஒரு அன்ரி எனக்குப் போன் எடுத்தவ. "பிள்ளை, நீ அந்தப் படிப்புத்தானே படிக்கிறாய், இந்த டெஸ்ட் எங்க செய்யலாம், எவ்வளவு காசு வரும்?" எண்டு கேட்டவ. அவவின்ர மகனுக்கு ஆறு வயது. மதிப்பீட்டுக்காக ரெண்டு வருசமாக் காத்திருக்கினம்.

அந்தக் கேள்வி மூடத்தனமான கேள்வி இல்லை. அதற்கு நேர்மையான மறுமொழி சொல்ல வேண்டுமென்றால் அறிவியலும் தெரிய வேண்டும், அரசியலும் தெரிய வேண்டும். முதலில் அறிவியலைப் பார்ப்போம்.

எதை அளக்கினம்?

மூளையில் இருக்கும் நரம்புக்கலம் ஒவ்வொன்றுக்கும் நீண்ட வயர் மாதிரி ஒரு பகுதி இருக்கு. அதை ஆக்சன் என்பார்கள். அந்த வயர் தொய்ந்து போகாமல் உள்ளேயிருந்து தாங்குவதற்கு மெல்லிய இழைகள் இருக்கு. கிடுகு வேலியைக் கதியால் தாங்கிற மாதிரி எண்டு வையுங்கோ. அந்த இழைகளைக் கட்டுகிற புரதங்களில் ஒன்றுதான் நியூரோஃபிலமென்ட் லைட். சுருக்கமாக என்எஃப்எல்.

ஆக்சனுக்கு அடிபட்டால் இந்தப் புரதம் வெளியே கசியும். முதலில் மூளையைச் சுற்றியுள்ள நீருக்குள் கலக்கும். அதில் மிகச் சிறு பங்கு இரத்தத்துக்கும் வரும். எவ்வளவு சிறிது என்றால், ஆரோக்கியமான இளம் ஆளின் ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் சில பிக்கோகிராம்தான். ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமை ஒரு இலட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. அதனால் முன்பெல்லாம் முள்ளந்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துத்தான் இதை அளந்தார்கள். பிறகு சிமோவா மாதிரியான, தனித்தனி மூலக்கூறுகளையே எண்ணக்கூடிய கருவிகள் வந்தன. சுவீடனின் கோத்தன்பேர்க் பல்கலைக்கழகத்தில் காய் பிளென்னோவ், ஹென்றிக் செற்றர்பேர்க் ஆகியோரின் குழு இதை இரத்தத்தில் அளப்பதற்குப் பெரும் பங்களிப்புச் செய்தது.

இன்னொரு புரதம் ஜீஎஃப்ஏபி. இது நரம்புக்கலத்திலிருந்து வருவதில்லை. அதைச் சுற்றி நின்று பராமரிக்கிற, நட்சத்திர வடிவான அஸ்ட்ரோசைற் கலங்களிலிருந்து வருவது.

இவை சும்மா விளம்பரச் சரக்கு இல்லை. தலையில் அடிபட்ட வளர்ந்தவர்களுக்கு சி.ரி. ஸ்கான் தேவையா என்று முடிவெடுக்க உதவும் ஒரு இரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ 2018இல் அனுமதி கொடுத்தது. அது அளக்கிற இரண்டு புரதங்களில் ஒன்று ஜீஎஃப்ஏபி. உடல் தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் ஏஎல்எஸ் நோயின் ஒரு பரம்பரை வகைக்கு, 2023 ஏப்ரலில் ரோஃபர்சென் என்ற மருந்துக்கு விரைவு அனுமதி கிடைத்ததே, இரத்தத்தில் என்எஃப்எல் குறைந்ததைக் காட்டித்தான். உண்மையான நோயாளிகளுக்கு உண்மையான பலன் கொடுத்த அறிவியல் இது. "பார்மா கம்பனியளின்ர சதி" எண்டு சொல்லித் தட்டிவிட்டுப் போறது எங்களுக்கு அழகில்லை.

பிள்ளைகளிடம் கண்டது என்ன?

இதே புரதங்களை ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிடமும் அளந்து பார்த்திருக்கினம். சில சிறிய ஆய்வுகளில், ஓட்டிசம் உள்ள குழுவின் சராசரி மற்றக் குழுவின் சராசரியைவிட உயர்வாக இருந்தது. வாட்ஸ்அப்பில் வாறது இந்த ஒரு வரிதான். அந்த வரிக்குப் பின்னால் நாங்கள் நாலு கேள்வி கேட்க வேண்டும்.

முதலாவது, சராசரி என்பது பிள்ளை இல்லை. லண்டனில் ஆண்களின் சராசரி உயரம் பெண்களைவிடக் கூட. அதற்காக ஒருவரின் உயரத்தை மட்டும் சொன்னால் அவர் ஆணா பெண்ணா என்று உங்களால் சொல்ல ஏலாது. இரண்டு குழுக்களின் எண்களும் ஒன்றன் மேல் ஒன்று விழுகின்றன. குழுவைப் பற்றிச் சொல்லக்கூடிய ஒரு எண், உங்கட பிள்ளையைப் பற்றி ஒண்டும் சொல்லாமல் விடலாம்.

இரண்டாவது, இந்தப் புரதம் "எங்கோ அடிபட்டிருக்கு" என்று மட்டும்தான் சொல்லும். ஏன் என்று சொல்லாது. கைக்குழந்தைகளுக்கு இந்த அளவு இயல்பாகவே உயர்வு. வளர வளரக் குறைந்து, பெரியவர்களானதும் வயதோடு திரும்பவும் ஏறும். உடல் எடை கூடினால் அளவு குறைவாகக் காட்டும். விளையாட்டில் தலையில் அடிபட்டாலும் ஏறும். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் வலிப்பு மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக இருக்கு. சில பிள்ளைகள் மனஅழுத்தம் தாங்க ஏலாமல் தலையைச் சுவரில் மோதுவார்கள். அப்படியென்றால் எண் உயர்ந்தது ஓட்டிசத்தாலா, வலிப்பாலா, சுவராலா? ஒரு ஆய்வு இவற்றைப் பிரித்துப் பார்க்கவில்லையென்றால், அந்த எண்ணுக்கு "ஓட்டிசம்" என்று பெயர் வைக்க ஏலாது.

மூன்றாவது, சின்னக் கணக்கு ஒன்று. இங்கிலாந்துப் பாடசாலைகளின் 2017ஆம் ஆண்டுப் பதிவுகளில் 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், 57 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் பதிவாகியிருந்தது. அதாவது ஆயிரம் பிள்ளைகளில் ஏறக்குறைய 18 பேர். இப்ப ஒரு நல்ல பரிசோதனையைக் கற்பனை செய்வம். ஓட்டிசம் உள்ள 100 பேரில் 90 பேரைச் சரியாகப் பிடிக்கும். இல்லாத 100 பேரில் 90 பேருக்கு "இல்லை" என்று சரியாகச் சொல்லும். இதை அந்த ஆயிரம் பேருக்கும் செய்தால் என்ன நடக்கும்? 18 பேரில் 16 பேர் பிடிபடுவார்கள். மிச்சம் 982 பேரில் 98 பேருக்குப் பிழையாக "இருக்கு" என்று வரும். மொத்தம் 114 குடும்பத்துக்குக் கடிதம் போகும். அதில் 16தான் சரி. ஏழு கடிதத்தில் ஆறு பிழை.

மருத்துவர் ஏற்கெனவே சந்தேகப்பட்டு அனுப்பின பிள்ளைகளுக்கு மட்டும் செய்தால் இந்த விகிதம் மாறும். ஆனால் தனியார் நிறுவனங்கள் விற்க ஆசைப்படுவது எல்லாப் பெற்றோருக்கும்தான். இன்றைக்கு எங்களிடம் இருப்பது நான் கற்பனை செய்த அந்த 90 வீதப் பரிசோதனைகூட இல்லை.

நான்காவது, "சேதம்" என்ற சொல். என்எஃப்எல் பெயர் வாங்கினது கலங்கள் செத்துப்போகிற நோய்களில். ஓட்டிசம் அப்படியானதில்லை. அது பிறப்புக்கு முன்பே தொடங்கி, மூளை வேறு விதமாக வளர்வது. நூற்றுக்கணக்கான மரபணுக்களுக்கு அதில் பங்கு இருக்கு. தேய்ந்துபோகிற நோயின் அளவுகோலை எடுத்து வளர்கிற பிள்ளையின் மேல் வைத்தால், அந்தப் பிள்ளையையும் தேய்கிற ஆளாகத்தான் பார்க்கத் தொடங்குவம். ஏற்கெனவே எங்கட ஆக்கள் கோயிலிலும் கலியாண வீட்டிலும் "அந்தப் பிள்ளைக்கு மூளை கொஞ்சம் பழுதாம்" எண்டு குசுகுசுப்பினம். அந்தப் பேச்சுக்கு ஆய்வுகூடத்தின் முத்திரை கிடைத்தால் எப்படி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

இந்தப் பாதையில் முன்பும் போயிருக்கிறம்

ஓட்டிசத்தின் வரலாறு ஆரைக் குற்றம் சொல்லலாம் என்று தேடின வரலாறும்தான். 1967இல் புருனோ பெற்றல்ஹைம் எழுதின புத்தகம், தாயின் அன்பில்லாமைதான் காரணம் என்ற கருத்தைப் பரப்பியது. ஒரு தலைமுறை அம்மாமார் அந்தப் பழியைச் சுமந்தார்கள்.

பிறகு 1998. லண்டனில் அன்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற மருத்துவர் 12 பிள்ளைகளை வைத்து லான்செற் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். எம்எம்ஆர் தடுப்பூசியால் ஓட்டிசம் வரும் என்ற பயம் அதிலிருந்து உலகமெல்லாம் பரவியது. பத்திரிகையாளர் பிரையன் டியர் தோண்டிப் பார்த்தபோது வெளிவந்தவை வேறு. தடுப்பூசி நிறுவனங்கள் மேல் வழக்குப் போடத் தயாரான சட்டத்தரணியிடமிருந்து வேக்ஃபீல்டுக்குப் பணம் வந்திருந்தது. தனக்கென ஒரு சின்னமுத்துத் தடுப்பூசிக்கு அவர் காப்புரிமையும் கேட்டிருந்தார். தன்ர மகனின் பிறந்தநாள் விழாவுக்கு வந்த பிள்ளைகளிடம் ஆளுக்கு 5 பவுண் கொடுத்து இரத்தமும் எடுத்திருந்தார். 2010இல் லான்செற் அந்தக் கட்டுரையை மீளப்பெற்றது. அதே வருடம் அவருடைய மருத்துவப் பதிவும் பறிக்கப்பட்டது. 2019இல் டென்மார்க்கில் 6 இலட்சத்து 57 ஆயிரம் பிள்ளைகளை வைத்து வந்த ஆய்வும் அந்தத் தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்றே காட்டியது. பயம் மட்டும் இன்னும் போகவில்லை. எங்கட வீடுகளிலும் போகவில்லை.

அந்தப் பயத்தில் ஒரு சந்தையும் வளர்ந்தது. "உடம்பில உலோக நச்சு இருக்கு" என்று பரிசோதனை செய்து, அதை வெளியேற்ற என்று கீலேஷன் மருந்து ஏற்றினார்கள். 2005இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், இங்கிலாந்திலிருந்து சிகிச்சைக்காகக் கூட்டிச் செல்லப்பட்ட 5 வயதுச் சிறுவன் அந்த மருந்து ஏற்றும்போது இறந்தான். அவன்ர இரத்தத்தில் கல்சியம் ஒரேயடியாகக் குறைந்துபோனது. சந்தை இப்படித்தான் வேலை செய்யும். முதலில் ஒரு எண்ணை விற்கும். பிறகு அந்த எண்ணை இறக்க ஒரு மருந்தை விற்கும். நாளைக்கு "என்எஃப்எல் குறைக்கும்" மாத்திரையோடு ஒருவர் எங்கட அம்மாமாரின் இன்ஸ்ரகிராமில் நிற்கமாட்டார் எண்டு உங்களால சொல்ல ஏலுமா?

வரிசை ஏன் இவ்வளவு நீளம்?

எங்கட ஆக்கள் ஏன் இரத்தப் பரிசோதனை கேட்கினம்? அறிவியல் தெரியாததாலயா? இல்லை. வரிசை நகராததால.

இங்கிலாந்தில் விதிப்படி, பரிந்துரை வந்து மூன்று மாதத்துக்குள் மதிப்பீடு தொடங்க வேண்டும். நடைமுறையில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் காத்திருக்கினம். காசு உள்ளவை தனியாரிடம் போகினம். மற்றவை நிற்கினம். எங்கட குடும்பங்களுக்கு இதோடு மொழியும் சேருது. பிள்ளை வீட்டில் தமிழில் என்ன கதைக்குது, எப்படி விளையாடுது என்று பார்க்கத் தெரிந்த மதிப்பீட்டாளர் கிடைப்பது அருமை. "வீட்டில ஆங்கிலம் மட்டும் கதையுங்கோ" என்ற அறிவுரையை இன்னும் கேட்கிறம். இரண்டு மொழி ஓட்டிசம் உள்ள பிள்ளையின் வளர்ச்சியைக் கெடுப்பதில்லை என்று ஆய்வுகள் சொல்லும்போதே அந்த அறிவுரை வருது. அதைக் கேட்டு அம்மம்மாவோட கதைக்கிற மொழியையே இழந்த பிள்ளைகள் இருக்கினம்.

வரிசையைச் சுருக்கத் தேவை ஆக்கள். பேச்சுச் சிகிச்சையாளர்கள், உளவியலாளர்கள், வகுப்பறை உதவியாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க மறுக்கிற அரசுக்கு, மலிவான ஒரு இரத்தக் குழாய் பெரிய வசதி. சேவையை வெட்டிவிட்டு அந்த இடத்தில் கருவியை வைக்கிற அரசியல் இது. அதோட, பரிசோதனை வந்தபிறகு "உங்கட எண் குறைவு, ஆகவே உதவி இல்லை" எண்டு சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்?

எண்ணும் எல்லையும்

புலம்பெயர்ந்த எங்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக விளங்க வேண்டியது இதுதான். மருத்துவக் கோப்பு சில வேளை மருத்துவமனையோடு நிற்காது.

அவுஸ்ரேலியாவில் விசாவுக்கு உடல்நலத் தகுதி பார்ப்பார்கள். ஒரு ஆளுக்கான செலவு குறித்த தொகையைத் தாண்டும் என்று மதிப்பிட்டால் விசாவை மறுக்கலாம். ஓட்டிசம் உள்ள ஒரு பிள்ளைக்காக முழுக் குடும்பமும் மறுக்கப்பட்ட சம்பவங்கள் அங்கே நடந்திருக்கு. 1992இல் வந்த இயலாமைப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் குடிவரவுச் சட்டத்தைத் தொட முடியாதபடி அந்தச் சட்டத்திலேயே விலக்கு எழுதியிருக்கு. கனடாவிலும் "மிகையான சுமை" என்ற விதி இருக்கு. அங்கே போராடினவர்கள் 2018இல் ஒரு பகுதியை வென்றார்கள். செலவு வரம்பு மூன்று மடங்காக உயர்ந்தது. விசேட கல்விச் செலவைக் கணக்கில் எடுப்பது நின்றது. விதி மட்டும் இன்னும் இருக்கு.

இங்கே பிரித்தானியாவில் 2017இல் நடந்தது ஞாபகம் இருக்கா? தேடப்படும் குடிவரவாளர்களின் விலாசம் மாதிரியான விபரங்களைச் சுகாதார சேவையின் தரவு நிறுவனம் உள்துறை அமைச்சுக்குக் கொடுக்க ஒரு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. மருத்துவர்களும் குடிவரவாளர் அமைப்புகளும் எதிர்த்துப் போராடி 2018இல் அதை நிறுத்தினார்கள். அதில் போனது நோய் விபரம் இல்லை, விலாசங்கள்தான். ஆனால் கதவு எங்கே இருக்கு என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

இன்றைக்கு எந்த விசா அலுவலகமும் என்எஃப்எல் கேட்பதில்லை. அதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஆனால் "மூளைக்கலச் சேதம்: உயர்வு" என்று ஒரு வரி ஒரு பிள்ளையின் கோப்பில் ஏறினால், அந்த வரிக்கு விசா அதிகாரி கொடுக்கப்போகிற அர்த்தத்தை ஆய்வுகூடம் தீர்மானிக்காது. இரத்தம் கொடுத்த பிள்ளையும் தீர்மானிக்காது.

அப்ப வேண்டாமா?

வேண்டாம் எண்டு நான் சொல்லவில்லை. இந்த அளவீட்டை நான் விரும்புகிற இடமும் ஒன்று இருக்கு.

வாயால் சொல்லத் தெரியாத ஒரு பிள்ளையை நினையுங்கோ. தலையை அடிக்கிறான். எல்லாரும் "அது ஓட்டிசம், அப்படித்தான் செய்வான்" எண்டு விட்டுடினம். அவனுக்குப் பல்லு நோகலாம், வயிறு நோகலாம், வெளியே தெரியாத வலிப்பு வரலாம். அந்த அடியால் மூளைக்குக் காயம் ஏற்படுதா என்று ஒரு இரத்தப் பரிசோதனை ஒருநாள் நம்பகமாகச் சொல்லுமென்றால், "அப்படித்தான்" என்று தட்டிக்கழிக்கிற மருத்துவமனைக்கு முன்னால் அது அந்தப் பிள்ளையின் பக்கம் நிற்கிற சாட்சியாக இருக்கும். கருவி ஒன்றுதான். "இவன் ஓட்டிசமா?" என்று கேட்பது ஒரு கேள்வி. "இவனுக்கு எங்க நோகுது, நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்பது வேறு கேள்வி. ஆய்வுக்குக் காசு எந்தக் கேள்விக்குப் போகுது என்பதுதான் எங்கட அரசியல்.

இதில் தலையிட முடியும் என்பதற்கு உதாரணமும் இருக்கு. 2021 ஓகஸ்ற்றில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தலைமையில் "ஸ்பெக்ரம் 10கே" என்ற திட்டம் பெரிய விளம்பரத்தோடு தொடங்கியது. ஓட்டிசம் உள்ள 10,000 பேரின் டிஎன்ஏ மாதிரிகளைச் சேர்ப்பது நோக்கம். எங்கட மரபணுத் தரவை ஆர் வைத்திருப்பார்கள், நாளைக்கு எங்களைப் போன்றவர்கள் பிறக்காமல் தடுக்க அது பயன்படாது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று ஓட்டிசம் உள்ளவர்கள் கேட்டார்கள். சில கிழமைக்குள், செப்ரெம்பரிலேயே, திட்டம் இடைநிறுத்தப்பட்டது. அவர்களிடம் பெரிய அமைப்போ பணமோ இருக்கவில்லை. சரியான கேள்வியும் ஒருவரையொருவர் விடாத ஒழுங்கமைப்பும் இருந்தது.

ஆகவே எங்கட கோரிக்கைகளை நான் நாலாகச் சொல்லுறன். ஒன்று, இப்படியான ஆய்வுகளின் கேள்வியை வகுக்கும் இடத்திலேயே ஓட்டிசம் உள்ளவர்கள் இருக்க வேண்டும், சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைக்கும் இடத்தில் மட்டும் இல்லை. இரண்டு, அந்தச் சம்மதப் படிவம் பெற்றோருக்கு விளங்குகிற மொழியில் இருக்க வேண்டும். தமிழில், சோமாலியில், வங்காளியில். மூன்று, ஆய்வுக்காக எடுத்த மாதிரியும் எண்ணும் குடிவரவுத் துறைக்கோ காப்புறுதி நிறுவனத்துக்கோ போகாது என்பது சட்டமாக வேண்டும், வாக்குறுதி போதாது. நான்கு, உதவி தேவையின் அடிப்படையில் கிடைக்க வேண்டும். எந்த எண்ணையும் அதற்கு வாசற்கதவாக வைக்கக் கூடாது.

கடைசியாக ஒரு வேலை. எங்கட சமூகத்தில் இதைப் பற்றித் தமிழில் படிக்க இருப்பது பெரும்பாலும் பயமுறுத்துகிற ஃபோர்வேர்ட்கள்தான். ஒரு பக்கத்தில், எளிய தமிழில், இந்தப் பரிசோதனை என்ன சொல்லும், என்ன சொல்லாது, மதிப்பீட்டுக்குக் காத்திருக்கும்போதே பாடசாலையிடம் எதைக் கேட்க உரிமை இருக்கு என்று எழுதுவம். ஒவ்வொரு நாட்டிலும் விதி வேறு. ரொறன்ரோவில் இருக்கிறவை கனடாவின் விதியையும், மெல்பேர்னில் இருக்கிறவை அவுஸ்ரேலியாவின் விதியையும் எழுதுங்கோ. அறிவியல் பகுதியை நான் எழுதுறன். எங்கட மத்தியில ஓட்டிசம் உள்ள தோழர்கள் இருக்கிறியள். வாசித்துத் திருத்தி, கடைசி முடிவு சொல்லுறது நீங்களாக இருக்க வேணும். இந்தக் கிழமைக்குள்ள பெயர் தாங்கோ.